யாழ்ப்பாணத்து வெயிலில் நேர்த்தியாக உடுப்பது: புதிதாகத் தொடங்கும் ஆண்களுக்கு

யாழ்ப்பாணத்தில் ஒரு ஆம்பிளைக்குப் பெரும்பாலும் மூன்று வகை உடுப்புத்தான். வீட்டில் சாரம், வெளியில் ஜீன்சும் ரீசேட்டும், கலியாணத்துக்கு வாடகைக் கோட். நடுவில் கந்தோர், வங்கி, பிள்ளையின் பாடசாலைக் கூட்டம், நேர்முகப் பரீட்சை, செத்தவீடு, பொம்பிளை பார்க்கப் போவது என்று எவ்வளவோ இருக்கின்றன. அங்கெல்லாம் என்ன உடுப்பது என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை. இணையத்தில் தேடினால் லண்டன் குளிருக்கு எழுதியது வந்து நிற்கும். கோப்பாய்ச் செம்மண் ஒழுங்கையால் மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போகிறவனுக்கு அதில் பாதி உதவாது.

கடைகளிலும் தையல்கடைகளிலும் காசும் பொழுதும் செலவழித்துத் தெரிந்துகொண்டதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். நான் சொல்வது கிளாசிக் என்று சொல்லப்படும் உடை: கொலர் வைத்த சேட், நேரான லோங்ஸ், தோல் சப்பாத்து, நல்ல வேட்டி, தேவைக்கு ஒரு கோட். பத்து வருடம் கழித்துப் படத்தில் பார்த்தாலும் சிரிப்பு வராத உடுப்பு. இதில் அளவுதான் முதலாவது. துணி அடுத்தது. நிறம் அதற்கும் பிறகு. பிராண்டைப் பற்றி இந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

1. முதலில் அலுமாரியைக் கொட்டுங்கள்

ஒன்றும் வாங்கவேண்டாம். இருக்கிற உடுப்பு எல்லாவற்றையும் கட்டிலில் போட்டு ஒவ்வொன்றாக உடுத்திப் பாருங்கள். முழு உயரக் கண்ணாடி இல்லாவிட்டால் போனை மேசையில் நிறுத்தி முன்னாலும் பக்கத்தாலும் முதுகுப் பக்கத்தாலும் படம் எடுங்கள். கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்போம். முதுகுப் பக்கத்துப் படத்தில் அந்த வித்தை எடுபடாது.

மூன்று குவியலாகப் பிரியுங்கள். அப்படியே போடக்கூடியது, ஓல்டர் (அளவு திருத்தம்) செய்தால் போடக்கூடியது, யாருக்காவது கொடுக்கக்கூடியது. எதை ஓல்டர் செய்யலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும். சேட்டின் பக்க அகலம், கை நீளம், லோங்ஸின் நீளம், இடுப்பில் ஓரிரு அங்குலம், தொடைச் சுற்றளவைக் குறைப்பது, இவை எல்லாம் சின்ன வேலை. தோள் பெரிதாக இருப்பது, கழுத்து இறுக்கமாக இருப்பது, சேட்டின் உயரம் காணாமல் இருப்பது, இவற்றோடு மினக்கெட வேண்டாம். தோளைத் திருத்துவதென்றால் கையைக் கழற்றி மறுபடி பூட்டவேண்டும். அந்தச் செலவுக்குப் புதிதாகவே ஒன்று தைக்கலாம்.

கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் சொந்தங்கள் அனுப்பிய உடுப்புக்கும் இதே சோதனைதான். துணி நன்றாக இருக்கும், அளவு பெரும்பாலும் எங்கள் உடம்புக்கு வராது. தோள் பொருந்தினால் வைத்திருங்கள், மிச்சத்தை ரெயிலர் பார்த்துக்கொள்வார். தோள் பொருந்தாவிட்டால், மாமா அனுப்பியது என்ற பாசத்துக்காகப் போட்டுத் திரிய வேண்டாம்.

2. உங்கள் அளவு உங்கள் கையில் இருக்கட்டும்

இந்த விசயத்தில் உங்களுக்கு வேண்டிய ஒரே ஆவணம் ஒரு சின்னக் கொப்பி. போனில் குறித்தாலும் சரிதான், ஆனால் ரெயிலரின் மேசையில் விரித்து வைத்துக் காட்டக் கொப்பிதான் வசதி.

கழுத்து, தோள், மார்பு, வயிறு, இடுப்பு, பின்பக்கச் சுற்று, கை நீளம், மணிக்கட்டு, தொடை, உள்கால் நீளம், கீழ்வாய் (லோங்ஸ் காலின் கீழ் விளிம்புச் சுற்று). இவற்றை எழுதுங்கள். அடுத்த பக்கத்தில், உங்களிடம் உள்ள நன்றாகப் பொருந்தும் சேட் ஒன்றையும் லோங்ஸ் ஒன்றையும் தரையில் தட்டையாக விரித்து அவற்றின் அளவையும் எழுதுங்கள். உடம்பின் அளவும் உடுப்பின் அளவும் வேறு வேறு. மார்பு 38 அங்குலம் என்றால் சேட் 42, 43 வரை இருக்கவேண்டும். எங்கள் வெயிலுக்கு அந்தக் காற்றோட்டம் தேவை. எது உடம்பின் அளவு, எது தைத்த அளவு என்று தெளிவாகக் குறிக்காவிட்டால் குழப்பம் வரும்.

ஒவ்வொரு முறையும் தையல்கடைப் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். அதில் மூன்று விசயம் கட்டாயம் இருக்கவேண்டும்: கொடுத்த திகதி, எடுக்கும் திகதி, கட்டிய முற்பணம். சில கடைகளில் துணியில் ஒரு சிறு துண்டை வெட்டி அந்தக் கடதாசியோடு பின் அடித்துத் தருவார்கள். தராவிட்டால் நீங்களே கேளுங்கள். அவசரமான நாட்களில் துணி மாறுவது நடக்காத காரியமில்லை. அந்தத் துணித் துண்டு இருந்தால் வாக்குவாதம் இல்லை.

3. துணி

யாழ்ப்பாணத்தில் வருடத்தின் பெரும்பகுதி வியர்வையோடுதான். பொலியெஸ்டர் கலந்த துணி மலிவு, மினுக்கவும் லேசு, ஆனால் மத்தியானத்துக்குள் முதுகில் ஒட்டிக்கொள்ளும். சேட்டுக்கு முழுக் கொட்டன் எடுங்கள். பொப்ளின் மெல்லியது, மழமழப்பானது, கந்தோருக்கு நல்லது. ஓக்ஸ்போட் கொஞ்சம் தடிப்பு, நெசவு தெரியும், சுருக்கம் அவ்வளவாகக் காட்டாது. லினன் எல்லாவற்றையும் விடக் குளிர்மை. சுருங்கும்தான், அதன் அழகும் அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. வீட்டில் அம்மா இதை ஒப்புக்கொள்ள மாட்டா.

லோங்ஸுக்கு நடுத்தரத் தடிப்புக் கொட்டன் நல்லது. தினமும் மோட்டார்சைக்கிளில் போகிறவர்கள் கொஞ்சம் பொலியெஸ்டர் கலந்ததை எடுத்தாலும் குற்றமில்லை, இருக்கைப் பக்கம் கெதியில் தேயாது.

எவ்வளவு துணி வாங்குவது? சாதாரண உடம்புக்கு, 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சேட்டுக்கு ஏறத்தாழ 1.6 மீற்றர், லோங்ஸுக்கு 1.25 மீற்றர். 36 அங்குல அகலம் என்றால் சேட்டுக்கு இரண்டேகால் மீற்றருக்குக் கிட்ட வேண்டும். ஆகவே விலை கேட்கும்போது அகலத்தையும் சேர்த்துக் கேளுங்கள். மீற்றர் விலை குறைவு என்று சந்தோசப்பட்டு, அகலம் குறைந்த துணியைக் கூடுதலாக வாங்கி, கடைசியில் அதே காசைக் கொடுத்துவிட்டு வருவது சாதாரணமாக நடக்கிறது. கட்டம், கோடு போட்ட துணி என்றால் பொருத்தித் தைப்பதற்குக் கொஞ்சம் கூட எடுக்கவேண்டும்.

துணியைக் கையில் கசக்கி ஐந்து செக்கன் வைத்து விடுங்கள். கடதாசி மாதிரி மடிப்பு நின்றால், கஞ்சிப் பசை போட்டு மொத்தமாகக் காட்டிய துணியாக இருக்கலாம். வெளிச்சத்துக்குப் பிடித்தும் பாருங்கள். வெள்ளைத் துணிக்குக் கீழே உங்கள் விரல் தெளிவாகத் தெரிந்தால், உள்ளே போட்ட பெனியனும் அப்படியே தெரியும்.

வாங்கி வந்ததும் தைக்கக் கொடுக்கவேண்டாம். கொட்டன் முதல் தண்ணியில் சுருங்கும். ஒரு இரவு சும்மா தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயப்போட்டு, மினுக்கிக் கொடுங்கள். ஒரு நாள் பிந்தும், அவ்வளவுதான்.

4. ரெயிலர்

எல்லாமே இங்கேதான் இருக்கிறது.

நல்ல ரெயிலரைக் கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள். உங்கள் கந்தோரில், பாடசாலையில், வளாகத்தில் யாருடைய சேட்டின் தோள் சரியாக நிற்கிறது என்று பார்த்து, எங்கே தைத்தது என்று கேளுங்கள். ஆம்பிளைகள் இதைக் கேட்க வெட்கப்படுவார்கள். கேட்டுப் பாருங்கள், பதில் சொல்கிறவருக்குச் சந்தோசமாக இருக்கும். பெரும்பாலும் யாழ் நகரத்துப் பெரிய கடைகளை விட, சுன்னாகம், நெல்லியடி, திருநெல்வேலிப் பக்கம் ஒரு அறையில் ஒரு மெசினோடு இருப்பவர்தான் பொறுமையாகச் செய்வார்.

முதல் முறை ஒரே ஒரு உடுப்பு மட்டும் கொடுங்கள். லோங்ஸ் ஒன்று, அல்லது சேட் ஒன்று. ஐந்து சேட்டுக்குத் துணி எடுத்து ஒன்றாகக் கொடுத்தால், பிழை வந்தால் அதுவும் ஐந்தாகத்தான் வரும்.

அளவு எடுக்கப் போகும்போது ஜீன்சோடு போகாதீர்கள். தடித்த துணிக்கு மேலால் நாடா போட்டால் இடுப்பும் தொடையும் கூடிவிடும். பொக்கெற்றில் போன், பேர்ஸ், சாவி எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வையுங்கள். வழமையாகப் போடும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் லோங்ஸின் நீளம் பிழைக்கும். மூச்சைப் பிடிக்காமல் நில்லுங்கள்.

பேச்சு ஏறத்தாழ இப்படித்தான் தொடங்கும்:

"தம்பி, இப்பத்தைய ஸ்ரைலோ, ஒபிசுக்கோ?"

"ஒபிசுக்கு அண்ணை. ஆனால் தொளதொள எண்டும் வேண்டாம், இறுக்கியும் பிடிக்க வேண்டாம்."

இந்தப் பதில் அவருக்குப் போதாது. அவர் மனதில் உள்ள 'ஒபிஸ்' வேறு, உங்கள் மனதில் உள்ளது வேறு. கொப்பியைத் திறந்து, இலக்கத்தில் சொல்லுங்கள்.

சேட்டுக்குச் சொல்லவேண்டியவை: தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்கவேண்டும், கையில் இறங்கக்கூடாது. மேல் தெறி பூட்டியபின் கழுத்துக்கும் கொலருக்கும் இடையில் இரண்டு விரல் போகவேண்டும். முழுக்கை மணிக்கட்டு எலும்பைத் தாண்டிக் கொஞ்சம் வரவேண்டும், கையை மடக்கும்போது அது மேலே ஏறும். அரைக்கை என்றால் முழங்கைக்குச் சற்று மேலே நிற்கட்டும், கைவாய் அகலமாக விரிந்து நிற்கக்கூடாது. கமக்கட்டுப் பக்கம் உயர வெட்டச் சொல்லுங்கள். அது தாழ்ந்திருந்தால் கையைத் தூக்கும்போது முழுச் சேட்டும் லோங்ஸை விட்டு வெளியே வரும். பலரும் சேட் நீளம் காணாது என்று நினைப்பது உண்மையில் இதுதான்.

லோங்ஸுக்கு: இடுப்பு தொப்புளுக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். தாழ வெட்டுவது பழக்கமாகிவிட்டதால் தனியாகச் சொல்லவேண்டும். வயிறு கொஞ்சம் உள்ளவர்களுக்கு இதுதான் பெரிய உதவி. தாழ்ந்த லோங்ஸ் வயிற்றுக்குக் கீழே நழுவி, வயிறு அதற்கு மேலால் தொங்கும். தொடையில் துணியைக் கிள்ளினால் ஓரங்குலம் வரவேண்டும். கீழ்வாய் 15 முதல் 16 அங்குலச் சுற்று. நீளம் சப்பாத்தில் தொட்டும் தொடாமலும். இரண்டு மூன்று மடிப்பாகக் குவிந்து கிடந்தால் செம்மண் தானாக வந்து ஏறும். மோட்டார்சைக்கிளில் இருக்கிற மாதிரி ஒரு கதிரையில் இருந்து முழங்காலை மடக்கிப் பாருங்கள். சொக்ஸுக்கு மேலே கால் தெரிந்தால் அரை அங்குலம் கூட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு வார்த்தை: "பின்னாலை உள்ளுக்குத் துணி விடுங்கோ அண்ணை." லோங்ஸின் பின் நடுத் தையலில் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டால், நாளைக்கு உடம்பு கூடினாலும் பிரித்து விரிக்கலாம். கீழ்மடிப்புக்குள்ளும் இரண்டு அங்குலம். இதைச் சொன்னதும் அவர் உங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். அதற்குப் பிறகு உங்கள் உடுப்பு கொஞ்சம் கவனமாகத்தான் தைபடும்.

கடைசித் தையலுக்கு முன் ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இதற்குக் கூலி கொஞ்சம் கூடினாலும் கொடுங்கள். எடுக்கும்போதும் கடையிலேயே போட்டுப் பாருங்கள். "வீட்டை போய்ப் பாத்திட்டு வாறன்" என்று வந்தால் திரும்பிப் போகச் சோம்பல் வரும், அந்த லோங்ஸ் அலுமாரிக்குள் அப்படியே கிடக்கும். முழுக் காசையும் முதலிலேயே கட்டவேண்டாம். பாதி முற்பணம் போதும்.

5. எதை முதலில் தைப்பது

ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பரப்பிக்கொள்ளுங்கள். நான் ஒருவருக்குச் சொல்வதென்றால் இந்த ஒழுங்கில் சொல்வேன்: கடும் சாம்பல் நிற லோங்ஸ், வெள்ளைச் சேட், இளநீலச் சேட், கடும்நீல லோங்ஸ், இன்னொரு இளநீலச் சேட், பிஸ்கற் நிற லோங்ஸ், மெல்லிய கோடு போட்ட சேட். எதை எதனோடு போட்டாலும் பொருந்தும். காலையில் அலுமாரிக்கு முன் நின்று யோசிக்கத் தேவையில்லை, கரண்ட் இல்லாத விடியற்காலையிலும் கைக்கு அகப்பட்டதைப் போட்டுக்கொண்டு போகலாம். கறுப்பு லோங்ஸை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வெயிலில் வெளிறுவது முதலில் அதில்தான் தெரியும், தூசியும் அப்பட்டமாகத் தெரியும்.

செலவைத் துணியும் கூலியும் சேர்த்துப் போடவேண்டும். விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். கணக்குப் போடும் விதம் இது: துணி மீற்றர் 1500 ரூபா என்று வையுங்கள். சேட்டுக்கு 1.6 மீற்றர், 2400 ரூபா. கூலி 1500 என்றால் 3900. அதே பெறுமதியில் ஆயத்த உடுப்பு கிடைக்கும்தானே என்று தோன்றும். கிடைக்கும். அது உங்கள் தோளில் அப்படியே நின்றால் தாராளமாக வாங்குங்கள், தைக்கவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. பொருந்தாத ஆயத்தச் சேட்டுக்கு ஓல்டர் கூலியையும் சேர்த்துவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள்.

பண்டிகைக்கால விலைக்கழிவு ஒரு பொறி. பாதி விலை என்று மூன்று சேட் எடுத்தால், அதில் ஒன்றைத்தான் போடுவீர்கள். துணிக்கடைகளில் மிச்சத் துண்டு விற்கும்போது மட்டும் போய்ப் பாருங்கள். நல்ல கொட்டன் 1.6, 1.7 மீற்றர் துண்டாகக் கிடந்தால் அது உங்களுக்காகக் கிடந்த மாதிரி.

இப்படி உடுக்கத் தொடங்கும் முதல் கிழமை சொந்தக்காரரும் கூட்டாளிமாரும் விடமாட்டார்கள். "என்ன, எங்கையும் இன்ரவியூவோ?" "மாப்பிள்ளை எங்க வெளிக்கிட்டாச்சு?" சிரித்துவிட்டுப் போங்கள். பழகிவிட்டால் கேட்கமாட்டார்கள். அடுத்த கலியாணத்துக்கு முன் அவர்களில் ஒருவராவது உங்களிடம் ரெயிலரின் விலாசம் கேட்பார்.

6. சப்பாத்தும் பெல்றும்

எங்கள் ஊரில் சப்பாத்து தெரிவதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. வீட்டுக்கு வீடு, கோயிலுக்குக் கோயில், சில அலுவலகங்களில்கூட வாசலில் கழற்றவேண்டும். நாடா கட்டும் சப்பாத்தோடு வாசலில் குனிந்து நின்று ஒவ்வொரு தடவையும் அவிழ்த்துக் கட்டினால் ஒரு மாதத்தில் வெறுத்துவிடும். ஆகவே முதலாவது சோடி நாடா இல்லாத தோல் லோபராக, கடும் மண்ணிறத்தில் இருக்கட்டும். இரண்டாவது, நேர்முகத்துக்கும் கலியாணத்துக்கும் கறுப்பு நாடாச் சப்பாத்து.

பின்னேரத்தில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்தபின் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலையில் சரியாக இருந்தது பின்னேரம் இறுக்கும். அடிப்பாகம் றப்பராக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் அடி தண்ணீரை உறிஞ்சும். நனைந்தால் வெயிலில் வைக்காதீர்கள், தோல் வெடிக்கும். உள்ளே பழைய பேப்பரைத் திணித்து விறாந்தையில் வையுங்கள், ஈரமான பேப்பரை மாற்றுங்கள். ஒரே சோடியை இரண்டு நாள் தொடர்ந்து போடாமல் இருந்தால் வியர்வை காய நேரம் கிடைக்கும், சப்பாத்தும் நீண்டகாலம் வரும்.

பெல்ற் சப்பாத்தின் நிறத்தில், ஒன்றேகால் அங்குல அகலத்தில், சாதாரண பக்கிளோடு. சொக்ஸ் லோங்ஸின் நிறத்தில். ஓட்டை விழுந்த சொக்ஸை அன்றே எறியுங்கள். எந்த வீட்டு வாசலில் கழற்ற வேண்டி வரும் என்று தெரியாது.

7. எப்போது கொடுப்பது

சாதாரண நாளில் நல்ல ரெயிலர் ஒரு லோங்ஸுக்கு ஒரு கிழமை கேட்பார், இடையில் போட்டுப் பார்ப்பதென்றால் பத்து நாள். அதை இரட்டிப்பாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெருக்கமான காலங்கள் உண்டு. நல்லூர்த் திருவிழா 25 நாள். அதற்கு முந்திய கிழமைகளில் ஊருக்கு வரும் வெளிநாட்டுச் சொந்தங்களும் சேர்ந்து கடைகளை நிரப்புவார்கள். தீபாவளி, பொங்கல், பாடசாலைத் தவணை தொடங்கும் நேரம், தை, வைகாசி, ஆவணிக் கலியாணங்கள் எல்லாம் அப்படித்தான். இந்த நேரங்களுக்கு ஒன்றரை மாதம் முன்னால் கொடுத்துவிடுங்கள். ஆடியில் கலியாணம் இல்லாததால் ரெயிலருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். முதல் தடவை போக ஏற்ற காலம் அதுதான். ஆடியின் பிற்பகுதியில் திருவிழா அவசரம் தொடங்கிவிடும், ஆகவே மாதத் தொடக்கத்திலேயே போங்கள். அதிலும் கிழமை நாள் காலை, சனி பின்னேரம் வேண்டாம்.

8. வேட்டி

வேட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அல்லது கடைசி நேரத்தில் இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வெல்குறோ வேட்டி ஒன்றை வாங்கிக் கட்டுகிறார்கள். எங்கள் ஊரின் கிளாசிக் உடுப்பு அதுதான். 4 முழம் ஒற்றை வேட்டி வீட்டுக்கும் சின்ன அலுவல்களுக்கும், 8 முழம் இரட்டை வேட்டி கோயிலுக்கும் சடங்குக்கும். நல்ல கொட்டனில், ஒடுங்கிய கரையோடு இரண்டு வாங்கி வையுங்கள். அகலக் கரையும் பளபளப்பும் மாப்பிள்ளைக்கு.

நல்லூரிலும் பல கோயில்களிலும் ஆண்கள் சேட்டைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும், பெனியனும் உடன். ஆகவே கோயிலுக்குப் போகும் நாளில் சேட்டை மடித்து வைக்க ஒரு துணிப் பை கொண்டுபோங்கள். கையில் சுருட்டிப் பிடித்த சேட் வெளியே வரும்போது பழந்துணி மாதிரி இருக்கும். சால்வை ஒன்று இருந்தால் இடுப்பில் கட்ட உதவும்.

கட்டிப் பழகாதவர்கள் வீட்டில் ஒரு கிழமை கட்டி நடந்து, படி ஏறி, நிலத்தில் சம்மணம் போட்டு இருந்து பாருங்கள். நுனி கணுக்காலைத் தொடவேண்டும். வேட்டியோடு போடும் சேட்டுக்குக் கழுத்தும் தோளும் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். கீழே வெள்ளை அகலமாக விரிவதால் மேலே உள்ள தொளதொளப்பு இரட்டிப்பாகத் தெரியும். செத்தவீட்டுக்கும் இதே வேட்டிதான், வெள்ளை அல்லது வெளிறிய சேட்டோடு.

9. கோட்

ஆறு மாதம் கழிந்தபின் யோசியுங்கள். வாடகைக் கோட் வருடத்துக்கு ஒருமுறை என்றால் போதும். மூன்று நான்கு கலியாணம் வரும் வயதில் இருந்தால் சொந்தமாக ஒன்று மலிவு.

கடும்நீலம், ஒற்றை வரிசைத் தெறி. உள்துணி பாதி மட்டும் வைக்கச் சொல்லுங்கள். முழு உள்துணி பெரும்பாலும் பொலியெஸ்டர், மண்டபத்தில் ஏசி இல்லாவிட்டால் அவிந்துவிடுவீர்கள். தோளும் உயரமும் முதலிலேயே சரியாக இருக்கவேண்டும், அவை இரண்டையும் பிறகு திருத்துவது பெரும்பாடு. இடுப்பும் கை நீளமும் திருத்தலாம். கைக்கு வெளியே சேட் அரை அங்குலம் தெரியவேண்டும். கீழ்த் தெறியைப் பூட்டுவதில்லை. ஆயத்தக் கோட் என்றால், கைநுனியில் ஒட்டியிருக்கும் கம்பனிப் பட்டியைப் பிரித்துவிடுங்கள், அது விற்பனைக்காக ஒட்டியது. பின்வெட்டை, அதாவது கோட்டின் பின்பக்கக் கீழ்ப் பிளவைச் சேர்த்துக் குறுக்காகத் தைத்திருக்கும் நூலும் அப்படித்தான். நாதஸ்வரக் கச்சேரிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கும் கோட்டுகளில் அந்த நூல் அறுபடாமல் இருப்பதை அடுத்த கலியாணத்தில் எண்ணிப் பாருங்கள்.

10. கிணற்றுத் தண்ணியும் செம்மண்ணும்

நல்ல உடுப்பு யாழ்ப்பாணத்தில் கெடுவது பெரும்பாலும் கழுவும்போதுதான். எங்கள் நிலத்துக்கடியில் சுண்ணக்கல், கிணற்றுத் தண்ணி கடினத் தண்ணி. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் துணியிலும் படிகிறது. கட்டிச் சவர்க்காரம் இந்தத் தண்ணியில் நுரைக்காது. தண்ணியில் உள்ள கல்சியத்தோடு சேர்ந்து பிசுபிசுப்பாக நூலில் ஒட்டும். வெள்ளைச் சேட் சாம்பலாக மாறுவதும், துணி விறைப்பதும் இதனால்தான்.

ஆகவே சேட்டுக்குச் சவர்க்காரத்தூள் அல்லது திரவம் பாவியுங்கள். கடைசி அலசலில் ஒரு வாளித் தண்ணிக்கு அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி. காய்ந்தபின் மணம் இருக்காது. மழைத் தண்ணி பிடித்து வைத்திருந்தால் வெள்ளை உடுப்பின் கடைசி அலசலை அதில் செய்யுங்கள். நீராவி அயன்பொக்ஸுக்குள் கிணற்றுத் தண்ணி ஊற்றாதீர்கள். ஓட்டைகள் அடைத்து, ஒரு நாள் மண்ணிறத் தண்ணியை உங்கள் வெள்ளைக் கொலரில் துப்பும். சுத்திகரித்த குடிதண்ணி ஊற்றலாம். அயன்பொக்ஸின் புத்தகம் வடித்த நீரைச் சேர்க்கச் சொன்னால் அப்படியே செய்யுங்கள்.

செம்மண் பட்டால் உடனே தண்ணி போட்டுத் தேய்க்கத்தான் கை போகும். பொறுங்கள். நன்றாகக் காயவிட்டு, தூரிகையால் தட்டி உதறி, பிறகு கழுவுங்கள். மிச்சமிருக்கும் கறைக்குத் தேசிக்காய்ச் சாறு பிழிந்து கொஞ்ச நேரம் வைத்து அலசுங்கள். புளீச் போடவே வேண்டாம். செம்மண்ணின் நிறம் இரும்புத் துருவிலிருந்து வருகிறது, குளோரின் புளீச்சுக்கு அது போகாது, இன்னும் இறுகும்.

கமக்கட்டில் வரும் மஞ்சளுக்கு அப்பச்சோடாவைத் தண்ணியில் குழைத்துப் பூசி அரை மணித்தியாலம் வைத்துக் கழுவுங்கள். பொடி ஸ்பிறே அடித்த சேட்டைப் பையில் திணித்து வைக்காமல் அன்றே தண்ணியில் போடுவது இன்னும் நல்லது. வெள்ளைச் சேட்டுக்குள் வெள்ளைப் பெனியனை விடச் சாம்பல் நிறப் பெனியன் வெளியே தெரியாது. நம்பாவிட்டால் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

உடுப்பை உட்புறம் வெளியே வரத் திருப்பி, நிழலில் காயப்போடுங்கள். எங்கள் பங்குனி, சித்திரை வெயிலில் கடும்நீலம் கெதியில் வெளிறும். சேட்டைக் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே மினுக்கினால் பாதி வேலை மிச்சம். முதலில் கொலர், பிறகு தோள், கை, கடைசியாக முன்பக்கம்.

11. பொக்கெற்றில் என்ன இருக்கிறது

இவ்வளவும் செய்துவிட்டுப் பின் பொக்கெற்றில் தடித்த பேர்ஸை வைத்தால் எல்லாம் வீண். தேசிய அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், வங்கி அட்டை ஒன்று, கொஞ்சம் காசு. இவை மட்டும் மெல்லிய பேர்ஸில். மோட்டார்சைக்கிளின் காப்புறுதிப் பத்திரத்தைப் பொலித்தீன் உறையில் போட்டு வண்டியின் இருக்கைக்குக் கீழே வையுங்கள். பழைய பற்றுச்சீட்டுகள், சாமிப் படங்கள், பத்து வருடத்துக்கு முந்திய சிம் அட்டை எல்லாம் வீட்டில் கிடக்கட்டும்.

போனைச் சேட் பொக்கெற்றில் வைக்கவேண்டாம், கொலர் ஒரு பக்கம் இழுபடும். பேனை வைப்பதென்றால் மூடியோடு. சேட் பொக்கெற்றில் மை ஊறினால் எந்த ரெயிலராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மழைக்காலம் தொடங்க முன்னர் கோட்டையும் தோல் சப்பாத்தையும் பெட்டியிலிருந்து எடுத்து விறாந்தையில் ஒரு பகல் காற்றாட விடுங்கள். மூடிய அலுமாரிக்குள் கிடந்தால் மார்கழிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.